கீழ் டிவிஷன்களின் வழியே ஒரு வேகப்பந்து வீச்சாளர்

போடிநாயக்கனூரிலும், முந்தல், குரங்கணி, சிலமலை, ராசிங்காபுரம், தேவாரம் முதலான மலையடிவார ஊர்களிலும் கிரிக்கெட் குழு நடத்திவரும் மூத்த ஆட்டக்காரர்களுக்கு,

தமிழ்நாட்டில் வேகப்பந்து வீச்சாளர் ஒருவர் ஊர் மைதானத்திலிருந்து மாநில அணிக்குப் போகும் பாதையில் நான்கு படிகள் உண்டு. டென்னிஸ் பந்து ஆடும் ஊர்க்குழு, மாவட்ட லீக், சென்னை லீக்கின் கீழ் டிவிஷன்கள், அதே லீக்கின் முதல் டிவிஷன். இந்த வழியே ஏறி இந்திய அணிவரை போனவர்களில் எல்லோரும் அறிந்த பெயர் சேலம் மாவட்டம் சின்னப்பம்பட்டியைச் சேர்ந்த டி. நடராஜன். அவர் கடந்த படிகளே போடி வட்டாரத்துப் பையன்களின் முன்னாலும் இருக்கின்றன. ஒவ்வொரு படியிலும் பையனுக்கு என்ன தேவைப்படுகிறது, எங்கே பலர் நின்றுவிடுகிறார்கள், அங்கே ஊர் மூத்தவர்களால் என்ன செய்ய முடியும் என்பதே இம்மடலின் பொருள்.

நடராஜன் 1991-இல் பிறந்தவர். தந்தைக்கு நெசவுக் கூலி வேலை. தாய்க்குச் சாலையோரக் கடை. ஐந்து பிள்ளைகளில் மூத்தவர். இருபது வயதை ஒட்டும்வரை அவர் ஆடியது டென்னிஸ் பந்து ஆட்டம் மட்டுமே. வயதுப் பிரிவுப் போட்டிகளில் மாவட்டத்துக்காகவும் மாநிலத்துக்காகவும் ஆடி வளர்ந்தவர்களோடு ஒப்பிட்டால் இது மிகத் தாமதமான தொடக்கம். அந்தத் தாமதத்தை ஈடுகட்டியவர் அதே ஊரின் மூத்த ஆட்டக்காரர் ஏ. ஜெயப்பிரகாஷ். பையனின் இடக்கைப் பந்தில் இருந்த திறமையைக் கண்டு, சென்னைக்குப் போகச் சொன்னவரும் அங்கே கால் ஊன்ற வழி செய்தவரும் அவரே. அந்த நன்றிக்காகவே நடராஜன் பின்னாளில் தன் ஆட்டச் சட்டையின் முதுகில் ‘ஜேபி நட்டு’ என்று எழுதிக்கொண்டார்.

முதல் படியான டென்னிஸ் பந்து ஆட்டத்தைக் குறைத்து மதிப்பிடக் கூடாது. யார்க்கரைக் கற்றுத்தரும் பள்ளி அது. ஆறு ஓவர், எட்டு ஓவர் ஆட்டத்தில் மட்டையாளர் எல்லாப் பந்தையும் தூக்கி அடிக்கவே நிற்பார். எல்லைக்கோடு அருகில் இருக்கும். தப்பிக்க ஒரே வழி, பந்தைக் கால் விரலருகே இறக்குவதுதான். ஆண்டுக்கணக்கில் ஞாயிறுதோறும் இதைச் செய்த பையனின் கையில் அந்த நீளம் பதிந்துவிடுகிறது. நடராஜனுக்குப் பெயர் வாங்கித் தந்த யார்க்கர் இப்படிப் பழகியதுதான்.

ஆனால் அதே ஆட்டம் மூன்று குறைகளையும் உடன் அனுப்புகிறது. ஒன்று, எடை. டென்னிஸ் பந்து ஏறக்குறைய 58 கிராம். ஆடவர் கிரிக்கெட்டின் தோல் பந்து 156 முதல் 163 கிராம்வரை. கையில் ஏறும் பாரம் ஏறக்குறைய மூன்று மடங்காகிறது. தோளும் முதுகும் அதற்குப் பழக மாதங்கள் வேண்டும். இரண்டு, தையல். தோல் பந்தின் நடுவில் ஓடும் தையலை நிமிர்த்திப் பிடித்து வீசுவதும், ஒரு பக்கத்தைத் தேய்த்துப் பளபளப்பாக வைத்துப் பந்தைக் காற்றில் திருப்புவதும் டென்னிஸ் பந்தில் கற்க முடியாத வித்தை. மூன்றாவது குறைதான் மிகக் கடுமையானது. ஊர் ஆட்டத்தில் ‘மாங்கா’ என்று சொல்லப்படும் எறிதல் அது. எடை குறைந்த பந்தை வேகமாக அனுப்ப முழங்கையை மடக்கி நீட்டும் பழக்கம் தெரியாமலேயே தொற்றிக்கொள்கிறது. டென்னிஸ் பந்துப் போட்டியில் அதைக் கண்டிக்க ஆள் இருப்பது அரிது. சர்வதேச விதியோ பந்து வீசும்போது முழங்கை 15 பாகைக்கு மேல் நீளக் கூடாது என்கிறது.

இரண்டாம் படி மாவட்டம். தமிழ்நாடு கிரிக்கெட் சங்கத்தின் கீழ் மாவட்டச் சங்கங்கள் இயங்குகின்றன. பதிவு செய்த குழுக்கள் மாவட்ட லீக்கில் ஆடுகின்றன. வயதுப் பிரிவுகளுக்குத் தேர்வு நடக்கிறது; அதில் தேறியவர்கள் மாவட்டங்களுக்கு இடையிலான போட்டிகளுக்குப் போகிறார்கள். அங்கிருந்து மாநில அணித் தேர்வாளர்களின் கண்ணில் படலாம். 16 வயதுக்குட்பட்டோருக்கு விஜய் மெர்ச்சன்ட் கோப்பை, 19 வயதுக்குட்பட்டோருக்கு வினூ மன்கட், கூச் பெஹார் கோப்பைகள், அதற்கு மேல் சி.கே. நாயுடு கோப்பை என இந்திய அளவிலான வரிசை அமைந்திருக்கிறது.

இந்தப் படியில் பையன்கள் தவறுவதற்குத் திறமைக் குறைவைவிடக் காகிதமே அடிக்கடி காரணமாகிறது. பிறப்புச் சான்றில் ஒரு தேதி, பள்ளிச் சான்றில் இன்னொரு தேதி, ஆதாரில் எழுத்துப் பிழையோடு வேறொரு பெயர் என்றிருந்தால் தேர்வு நாளில் வாசலிலேயே நிற்க வேண்டியதுதான். 16 வயதுப் பிரிவில் இடக்கை மணிக்கட்டை எக்ஸ்ரே எடுத்து எலும்பின் வளர்ச்சியைக் கொண்டு வயதைக் கணிக்கிறார்கள். வயதை மாற்றிக் காட்டியது தெரிந்தால் இரண்டு ஆண்டுத் தடை வரும். ஊர்ப் பெரியவர் யாரோ நல்லெண்ணத்தில் குறைத்துச் சொன்ன ஒரு வயது, பையனின் வாழ்க்கையில் இரண்டு பருவங்களைத் தின்றுவிடும்.

மூன்றாம் படி சென்னை. சென்னை லீக் பல டிவிஷன்களாக அடுக்கப்பட்டிருக்கிறது. நன்றாக ஆடிய குழு மேல் டிவிஷனுக்கு ஏறும். தோற்ற குழு இறங்கும். தனி ஆட்டக்காரர் குழு ஏறும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. அவர் எடுத்த விக்கெட்டுகளைப் பார்த்து மேல் டிவிஷன் குழு அழைத்துக்கொள்ளலாம். நடராஜன் முதலில் ஆடியது நான்காம் டிவிஷனில், பிஎஸ்என்எல் அணிக்காக. அடுத்த சில பருவங்களில் முதல் டிவிஷனின் விஜய் கிரிக்கெட் கிளப்புக்கும், பிறகு ஜாலி ரோவர்ஸ் அணிக்கும் போனார். நான்காம் படியான அந்த முதல் டிவிஷனில் ஆட்டம் பல நாள் நீளும். காலையில் புதுப் பந்தில் ஏழு ஓவர், வெயில் ஏறியபின் பழைய பந்தில் ஐந்து ஓவர், மறுநாள் மீண்டும் அதே உழைப்பு. எதிரில் நிற்பவர்களில் ரஞ்சி ஆடியவர்களும் இருப்பார்கள். ஞாயிறு டென்னிஸ் பந்தில் இரண்டு ஓவர் போட்டவர் இங்கே நாளுக்குப் பதினைந்து ஓவர் போடப் பழகுகிறார்.

ஏலக்காய்க் கடைகளில் காயைச் சல்லடையில் இட்டுத் தரம் பிரிப்பதைப் போடியில் அறியாதவர் இல்லை. 8 மில்லிமீட்டருக்கு மேற்பட்ட காய் ஒரு பக்கம், சிறுத்தது மறு பக்கம். கீழ் டிவிஷன்களையும் பலர் அப்படியொரு சல்லடையாகவே நினைக்கிறார்கள். நான்காம் டிவிஷனில் இருக்கும் பையனைச் சிறுத்த காய் என்று ஊர் முடிவு கட்டிவிடுகிறது. இந்த ஒப்புமை தவறு. உலர்ந்த காய் அதற்குமேல் வளராது. இருபது வயதுப் பந்து வீச்சாளர் வளர்வார். அவர் வளர்வதற்கான நிலம் கீழ் டிவிஷன். செடியில் இருக்கும் காயைச் சல்லடையில் இடும் தோட்டக்காரர் எந்த மலையிலும் இல்லை.

இதே பாதை அமெரிக்காவின் பேஸ்பாலில் எவ்வளவு திட்டமாக அமைந்திருக்கிறது என்பதைப் பார்ப்பது பயன் தரும். அங்கே பந்தெறிபவருக்குப் பிட்சர் என்று பெயர். அவர் 18.44 மீட்டர் தூரத்தில், மண்மேட்டில் நின்று, முழங்கையை மடக்கி எறியலாம். 2021 முதல் மைனர் லீக்கில் நான்கு நிலைகள், 120 அணிகள். சிங்கிள்-ஏ, ஹை-ஏ, டபுள்-ஏ, டிரிபிள்-ஏ என ஏறி உச்சியில் மேஜர் லீக்கை எட்ட வேண்டும். மேஜர் லீக்கின் 30 அணிகளில் ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு நிலையிலும் ஓர் அணி. பதினெட்டு வயதில் சேரும் பிட்சர் மேலே போவதற்குப் பல பருவங்கள் ஆகும். பெரும்பாலோர் போவதே இல்லை. ஆனால் நிலையில் இருக்கும்வரை அவருக்குப் பயிற்சியாளரும் மருத்துவரும் சம்பளமும் உண்டு. 2022 முதல் மைனர் லீக் ஆட்டக்காரர்களுக்குத் தங்குமிடம் தருவதும் மேஜர் லீக் அணிகளின் பொறுப்பாகியிருக்கிறது. அதற்கு முன் பலர் ஒரே அறையில் நெருக்கியடித்துக்கொண்டு பருவத்தைக் கழித்தார்கள்.

அந்தப் பாதையில் இரண்டு இந்தியர்களும் நடந்திருக்கிறார்கள். உத்தரப் பிரதேசத்தின் ரிங்கு சிங், தினேஷ் படேல் இருவரும் ஈட்டி எறிந்து பழகியவர்கள். 2008-இல் இந்தியாவில் நடந்த பந்தெறியும் போட்டி ஒன்றின் மூலம் கண்டெடுக்கப்பட்டு, அமெரிக்காவில் பயிற்சி பெற்று, அதே ஆண்டு நவம்பரில் பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் அமைப்பில் ஒப்பந்தம் பெற்றார்கள். பேஸ்பாலையே அதுவரை ஆடியிராதவர்கள் அவர்கள். தினேஷ் 2010 முடிவில் விடுவிக்கப்பட்டார். ரிங்கு படிப்படியாக ஏறி 2012-இல் சிங்கிள்-ஏ நிலையில் வெஸ்ட் வர்ஜீனியா பவர் அணிக்கு முழுப் பருவம் ஆடினார். பிறகு காயங்கள் வழிமறிக்க, மல்யுத்தக் காட்சி அரங்குக்குப் போனார். அவர்கள் கதையை 2014-இல் ‘மில்லியன் டாலர் ஆர்ம்’ என்று திரைப்படமாக்கினார்கள், இசை ஏ.ஆர். ரகுமான். வலுவான கை மட்டும் போதாது, அந்தக் கை பழகுவதற்கு நீண்ட காலமும் நலமான உடலும் வேண்டும் என்பதே அவ்விருவரின் ஆண்டுகள் சொல்லும் பாடம்.

நடராஜனுக்கும் அந்தச் சோதனை வந்தது. 2015 ஜனவரியில் கொல்கத்தாவின் ஈடன் கார்டன்ஸில் வங்காளத்துக்கு எதிராக ரஞ்சிக் கோப்பையில் அறிமுகமானார். சில நாட்களிலேயே அவர் பந்து வீசும் முறையில் ஐயம் எழுப்பப்பட்டது. டென்னிஸ் பந்துக் காலத்தின் கடன் வசூலுக்கு வந்த நாள் அது. இருபத்து மூன்று வயதில், கனவு கைக்கு வந்தவுடன், ஏறக்குறைய ஓராண்டு அணிக்கு வெளியே நிற்க வேண்டியதாயிற்று. சுனில் சுப்பிரமணியன் உள்ளிட்ட பயிற்சியாளர்களின் துணையோடு கை வரும் பாதையை முதலிலிருந்து மாற்றி அமைத்துக்கொண்டார். உடலில் ஊறிய அசைவை மாற்றுவது புதிதாகக் கற்பதைவிடக் கடினம். ஆரம்பத்தில் வேகம் குறையும், குறி தவறும், பழைய நண்பர்கள் ‘முன்ன மாதிரி இல்லையே’ என்பார்கள். பதினான்கு வயதில் ஊர் மைதானத்தில் ஒருவர் பக்கவாட்டில் நின்று முழங்கையைக் கவனித்திருந்தால் அந்த ஓராண்டு மிச்சமாகியிருக்கும்.

2016-இல் தமிழ்நாடு பிரீமியர் லீக் தொடங்கியது அவருக்குச் சரியான நேரத்தில் வந்த வாய்ப்பு. திண்டுக்கல் டிராகன்ஸ் அணிக்காக ஒரு சூப்பர் ஓவரில் ஆறு பந்தையும் யார்க்கராக இறக்கியது தொலைக்காட்சியில் பலரைத் திரும்பிப் பார்க்க வைத்தது. 2017 ஐபிஎல் ஏலத்தில் 10 லட்சம் அடிப்படை விலையில் இருந்தவரைப் பஞ்சாப் அணி 3 கோடிக்கு எடுத்தது. அந்தப் பருவத்தில் அவருக்குக் கிடைத்தவை 2 விக்கெட்டுகளே. மறு ஆண்டு ஹைதராபாத் அணி 40 லட்சத்துக்கு எடுத்தது. 2018, 2019 இரு பருவங்களிலும் ஓர் ஆட்டம்கூடத் தரவில்லை. வெளியிலிருந்து பார்ப்பவர்கள் முடிந்த கதை என்று நினைக்கும் கட்டம் அது. அவர் தமிழ்நாட்டு ஆட்டங்களில் தொடர்ந்து வீசிக்கொண்டிருந்தார். 2020 ஐபிஎல்லில் 16 ஆட்டங்களில் 16 விக்கெட்டுகள். ஏபி டிவில்லியர்ஸின் நடு ஸ்டம்பைச் சாய்த்த யார்க்கரும் அதில் ஒன்று.

அந்த ஆண்டின் இறுதியில் வலைப் பயிற்சிப் பந்து வீச்சாளராக ஆஸ்திரேலியா போன இந்தியக் குழுவில் சேர்ந்தார். ஒருவர் பின் ஒருவராகப் பந்து வீச்சாளர்கள் காயமடைய, டிசம்பர் 2-இல் கான்பெராவில் ஒருநாள் ஆட்டம், 4-இல் அங்கேயே டி20, 2021 ஜனவரி 15-இல் பிரிஸ்பேனில் டெஸ்ட் என மூன்றிலும் அறிமுகமானார். ஒரே சுற்றுப்பயணத்தில் மூவகை ஆட்டத்திலும் அறிமுகமான முதல் இந்தியர் அவர். டெஸ்டின் முதல் இன்னிங்ஸில் 78 ரன்களுக்கு 3 விக்கெட். கான்பெராவில் களம் இறங்கியபோது அவருக்கு வயது 29. நான்காம் டிவிஷனில் தொடங்கி ஏறக்குறைய பத்து ஆண்டுகள் ஆகியிருந்தன.

உடலைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். 2021 ஐபிஎல்லில் இரண்டு ஆட்டங்களோடு முழங்கால் அறுவை சிகிச்சைக்குப் போனார் நடராஜன்; 2022-இல் திரும்பி 18 விக்கெட் எடுத்தார். வேகப்பந்து வீச்சாளரின் முன்கால் தரையில் இறங்கும் நொடியில் உடல் எடையைப் போலப் பல மடங்கு விசை கால் வழியே முதுகுக்கு ஏறுகிறது. இடுப்பு ஒரு பக்கமும் தோள் மறு பக்கமும் முறுக்கிக்கொள்ளும் முறையில் வீசும் வளரிளம் பையன்களுக்குக் கீழ்முதுகு எலும்பில் மயிரிழை விரிசல் விழும் ஆபத்து அதிகம். அதனால்தான் இங்கிலாந்தில் 13 வயதுக்குட்பட்டோர் தொடர்ச்சியாக 5 ஓவரும், ஒரு நாளில் 10 ஓவரும் மட்டுமே வீச வேண்டும் என்ற வழிகாட்டுதல் நெடுநாள் நடைமுறையில் இருந்தது. அமெரிக்க பேஸ்பாலில் 17, 18 வயதுப் பிட்சருக்கும் நாளுக்கு 105 எறிதல்தான் உச்ச வரம்பு. அதற்குப் பின் கட்டாய ஓய்வு நாட்கள். நம் ஊர்களில் ஒரே பையன் காலையில் பள்ளிக்காக வீசுகிறான், மாலையில் வலைப் பயிற்சியில் அண்ணன்களுக்கு வீசுகிறான், ஞாயிறன்று போட்டியில் மூன்று ஆட்டம் வீசுகிறான். மூன்றையும் சேர்த்துக் கணக்கு வைக்க ஆள் இல்லை. முதுகு வலிக்கிறது என்றால் தைலம் தடவிக்கொண்டு மறுநாளும் ஓடி வருகிறான்.

சின்னப்பம்பட்டியின் கதை நடராஜனோடு நிற்கவில்லை என்பதே அதன் பெரிய பயன். ஜெயப்பிரகாஷும் நடராஜனும் ஊர்ப் பையன்களுக்குத் தொடர்ந்து வழிகாட்டினார்கள். அவர்கள் பயிற்சியில் வளர்ந்த ஜி. பெரியசாமி, 2019 தமிழ்நாடு பிரீமியர் லீக் இறுதி ஆட்டத்தில் சேப்பாக் சூப்பர் கில்லீஸ் அணிக்காக 15 ரன்களுக்கு 5 விக்கெட் எடுத்துக் கோப்பையை வென்று தந்தார். 2023 ஜூன் 23-இல் அதே ஊரில் நடராஜன் தன் பெயரில் அமைத்த மைதானத்தைத் தினேஷ் கார்த்திக் திறந்து வைத்தார். ஒரு மூத்தவர் ஒரு பையனைக் கவனித்தார். அந்தப் பையன் ஊருக்கே மைதானம் கட்டினார்.

போடிக்குத் தடைகள் தெரிந்தவையே. மலைச்சரிவு ஊர்களில் 20 மீட்டர் ஆடுகளமும், அதற்குப் பின்னால் ஓடி வர இன்னொரு 20 மீட்டர் சமதரையும் கிடைப்பது கடினம். ஐப்பசி, கார்த்திகை மழையில் இருக்கும் மைதானமும் சேறாகும். படிப்பு முடித்த பையன்களில் பலர் விடியுமுன் தோட்ட ஜீப்பில் ஏறிப் போடிமெட்டு வழியே மேலே போகிறார்கள். இறங்கி வரும்போது வெளிச்சம் இருப்பதில்லை. ஒரு ஜோடி ஸ்பைக்ஸ் காலணி பல நாள் கூலி. தோல் பந்து ஒன்றின் விலையில் டென்னிஸ் பந்து பல வாங்கலாம். ஆகவே பையன்கள் டென்னிஸ் பந்திலேயே தங்கிவிடுகிறார்கள்.

சென்னைக்குப் போகும் பயணம் என்ற ஒரு தடை மட்டும் தளர்ந்திருக்கிறது. அகலப் பாதைக்காக 2010 முடிவில் நிறுத்தப்பட்ட மதுரை–போடி ரயில், 2023 ஜூன் 15 முதல் போடிவரை மீண்டும் வருகிறது. அன்றே சென்னை சென்ட்ரலுக்கும் போடிக்கும் இடையில் வாரம் மூன்று நாள் ரயில் தொடங்கியது. நடராஜனின் சேலத்தைத் தொட்டுத்தான் அது போகிறது.

குழு நடத்தும் மூத்தவர்கள் செய்யக்கூடியவை நான்கு. போடி வட்டாரக் குழுக்கள் சேர்ந்து ஒரு மைதானத்தில் பாய்விரித்த ஆடுகளம் ஒன்றை அமைத்து, வாரத்தில் இரண்டு நாளாவது தோல் பந்தில் பயிற்சி தர வேண்டும். டென்னிஸ் பந்துப் போட்டிகளிலும் ‘மாங்கா’வை நோ-பால் ஆக்க வேண்டும், பதினாறு வயதுக்குள் திருத்தினால் அதுவே பெரிய உதவி. ஒவ்வோர் இளம் வீச்சாளருக்கும் ஒரு நோட்டுப் புத்தகம் போட்டு, பள்ளி, வலை, போட்டி மூன்றிலும் வீசிய ஓவர்களை எழுதி, அளவு மீறினால் பந்தைக் கையிலிருந்து வாங்க வேண்டும். அதே புத்தகத்தின் முதல் பக்கத்தில் பிறந்த தேதிச் சான்றுகள் ஒத்துப்போகின்றனவா என்பதையும் பார்த்துக் குறிக்க வேண்டும்.

நான்காவதுதான் எல்லாவற்றிலும் பெரியது. கீழ் டிவிஷன் ஆட்டத்தால் அறை வாடகையும் சாப்பாடும் தேறாது. அந்த இரண்டு, மூன்று ஆண்டுகளைத் தாங்க முடியாமல்தான் வெளியூர்ப் பையன்கள் பாதியில் ஊர் திரும்புகிறார்கள். அமெரிக்க அணிகள் தங்குமிடத்தைத் தங்கள் பொறுப்பாக ஏற்க 2022 ஆயிற்று. சின்னப்பம்பட்டியில் ஒரு தனிமனிதர் அதற்குப் பத்தாண்டுகளுக்கு முன்பே அப்படியொரு பொறுப்பை ஏற்றார். சென்னையில் வேலையில் இருக்கும் போடிக்காரர்களும், ஏலக்காய் வியாபாரிகளும், பழைய ஆட்டக்காரர்களும் சேர்ந்தால் இரண்டு பையன்கள் தங்க ஓர் அறை பிடிப்பது இயலாத காரியம் அல்ல. போடியிலிருந்து வாரத்தில் மூன்று நாள் சென்னைக்கு ரயில் புறப்படுகிறது. கைப்பையில் தோல் பந்தோடு அதில் ஏறும் பையனுக்கு, இறங்கும் ஊரில் ஒரு கதவு திறந்திருக்க அண்ணன்மார்கள் ஏற்பாடு செய்ய வேண்டும்.